இடது பக்கக் கண்ணாடி

கிணத்துக்கடவு தாண்டி ஒரு டீக்கடை. தேங்காய் லோடு ஏற்றிய லாரியின் இடது முன்சக்கரத்தை ஒட்டி, நிழலுக்காக என் ஸ்கூட்டரை நிறுத்தியிருக்கிறேன். டீ முடிவதற்குள் லாரி டிரைவர் வந்து நிற்கிறார்.

“ஏனுங்க, வண்டியப் பின்னால தள்ளிக்குங்க. மேல உக்காந்தா இந்த எடமே எனக்குத் தெரியாதுங்க.”

“அதான் கண்ணாடி இருக்கே?”

நிமிர்ந்து பார்த்தால், கதவில் கம்பியால் கட்டியிருப்பது வீட்டுச் சுவரில் மாட்டுகிற கண்ணாடி. அதன் ஓரத்தில் வரிசையாக ஸ்டிக்கர் பொட்டுகள்.

“எங்கூட்டுக் கண்ணாடிங்க. அன்னிக்கு இந்தப் பக்கம் கண்ணாடியே இல்லீங்க. சோத்துப்போசிய நான் மறந்துபோட்டேன்னு எம்பட சம்சாரம் எடுத்துக்கிட்டு ஓடியாந்திருக்கா. இந்தப் பக்கமா வந்துபோட்டா. நான் பாக்கலீங்க, வண்டிய எடுத்துப்போட்டேன்.”

டம்ளரைக் கீழே வைக்கிறேன்.

“கண்ணாடில எம்மொகம் உங்களுக்குத் தெரிஞ்சாத்தானுங்க, நீங்க எனக்குத் தெரிவீங்க” என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்கிறார்.

பொட்டுகளுக்கு நடுவே அவர் முகம் தெரிகிறவரை ஸ்கூட்டரைப் பின்னால் தள்ளுகிறேன். போகலாம் என்று கையசைக்கிறேன். ஆனாலும் அவர் இறங்கி, லாரியைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் வருகிறார். யாருமில்லாத அந்த இடத்தை ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறார்.