சுவர் குடித்த நல்ல தண்ணீர்

டைல்ஸ் பதிக்கும்போது வீட்டுக்காரர் வாய் பிளந்து பார்ப்பார். டைல்ஸுக்கு நடுவே சந்து அடைக்கும்போதுதான் பேரத்தை ஆரம்பிப்பார். எனக்குக் கடை இல்லை, போர்டு இல்லை. ஒரு குளியலறையில் சந்து உதிர்ந்தால் அந்தத் தெருவே என்னைக் கூப்பிடாது. வெள்ளை சிமெண்டை உப்புத் தண்ணீரில் குழைத்தால் உதிரத்தான் செய்யும். எங்கள் பக்கம் கிணறெல்லாம் உப்பு. நல்ல தண்ணீர் தெருக்குழாயில் குடக்கணக்கில்தான். கையால் உழைத்துப் பிழைக்கும் உங்களுக்கு மீதிச் சண்டையை நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன்.

ஒரு குடம்

இராயபுரத்தில் பிலோமினா அக்கா வீடு. கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். அக்காவிடம் குடிக்கிற தண்ணீர் இரண்டு குடம் கேட்டேன். கிணற்றைக் காட்டினார். "அதுல குழைச்சா மூணு மாசத்துல சுவர் உப்புப் பூத்துடும்க்கா" என்றேன். அரைக் குடம் என்றார். நான் பூச்சுக் கரண்டியோடு சாமானை மூட்டை கட்டினேன். ஒரு குடத்துக்கு வந்தார். அதற்கு மேல் நானும் இழுக்கவில்லை.

வரிசையில் நின்று பிடித்த தண்ணீரை நான் சிமெண்டில் ஊற்றுவதை அவரால் பார்க்க முடியவில்லை. வாசலுக்குப் போய் எதிர்வீட்டுக்காரியிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "என் வூட்டுக்காரரு மோருக்குத் தண்ணி கேட்டா இல்லன்றேன், இங்க செவுரு குடிச்சிகினு கீது."

அண்ணாச்சி ருசி பார்த்தார்

திருவொற்றியூரில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் அண்ணாச்சி, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். குழாய்த் தண்ணீர் என்று வாளியில் கொடுத்தார், நம்பிக் குழைத்தேன். இரண்டே மாதத்தில் ஆள் அனுப்பினார். சந்தெல்லாம் பொடி பூத்து, தொட்டால் உதிர்ந்தது. கடையில் நாலு பேர் முன்னால் என்னை வேலை தெரியாதவன் என்றார். அவரைக் கடைக்குப் பின்னால் வீட்டுக் குளியலறைக்கு இழுத்துப்போய், அந்தப் பொடியை விரலில் தொட்டு என் நாக்கில் வைத்தேன். "நீங்களும் வைங்க. குழாயா கிணறான்னு நீங்களே சொல்லுங்க" என்றேன்.

வைத்தார். புது மூட்டைச் சரக்கை ருசி பார்க்கும் முகத்தோடு சப்புக்கொட்டினார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நம்ம கெணத்து உப்புதாம்வே. கடையில நிக்கவனுவகிட்ட சொல்லிராதேயும்."

எண்ணூர் பீப்பாய்

எண்ணூரில் ஒரு தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ். பன்னிரண்டு குளியலறை, இரண்டு மாத வேலை. கான்ட்ராக்டர் பீப்பாயில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார். இந்த முறை குழைக்கும் முன்பே நாக்கில் விட்டுப் பார்த்தேன். கழிமுகத்து உப்புத் தண்ணீர். லாரியில் நல்ல தண்ணீர் வரவழைக்கச் சொன்னேன். "உதிர்ந்தா அது குடியிருக்க வர்றவன் பாடு. இதுல குழைக்க மாட்டேன்னா எண்ணூர்ல இனிமே உனக்கு வேலை கிடையாது" என்றார். "சந்து உதிர்ந்தா உன் பேரையா சொல்வான்? என் பேரைத்தான் சொல்வான்" என்று பீப்பாயை உதைத்துக் கவிழ்த்தேன். அவருடைய செருப்பு வாசல்வரை மிதந்து போனது. நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

என் கூட்டாளி முனுசாமி பின்னாலேயே ஓடி வந்தான். மெயின் ரோட்டுக்கு வந்தோம். பஸ் தெரிந்த பிறகுதான் சொன்னான்: "கோவத்த மட்டும் எடுத்துகினு வந்துட்ட மாமு, கரண்டி அங்கியே கீது."

கான்ட்ராக்டர் சொன்னபடியே எண்ணூர் எனக்குக் கதவைச் சாத்திவிட்டது. புதுக் கரண்டி ஒன்று வாங்கிக்கொண்டு மீதி ஊரோடு சண்டை போட்டே பிழைத்துவிட்டேன்.