முகூர்த்தப் பட்டும் பக்கெட் செக்‌ஷனும்

கோவில்பட்டியில் நான் வேலை பார்த்த கடையில் கீழே மளிகை, அதற்குப் பின்னால் பக்கெட், குடம், மேலே ஜவுளி. மழை பெய்த மறுநாள் ஓட்டப்பிடாரம் பக்கத்துச் சனங்கள் வந்தால் கரிசல் மண் செருப்போடு ஒட்டிவந்து படி நெடுகக் கிடக்கும். கூட்டுகிறவளோடு சேர்ந்து நானும் திட்டியிருக்கிறேன். வேலையை விட்டு வீட்டில் இருக்கிற இப்போது, மனசு அந்த மண்ணைக்கூடத் தேடுகிறது.

முதலில் நான் பட்டுச் சேலை செக்‌ஷனில்தான் இருந்தேன். வீட்டுக்காரர் இறந்து, காரியமெல்லாம் முடிந்து திரும்பிப் போன அன்று, சூப்பர்வைசர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். கொஞ்ச நாளைக்குப் பக்கெட் பக்கம் நில்லுங்கள், குனிந்து நிமிர்கிற வேலை இருக்காது என்றார். காரணம் அதுவல்ல என்று இரண்டு பேருக்கும் தெரியும். முகூர்த்தப் பட்டை எடுத்துப் போடுகிற கை சுமங்கலியின் கையாக இருக்க வேண்டும் என்று கல்யாண வீட்டார் பார்ப்பார்கள். பக்கெட்டை யார் எடுத்துக் கொடுத்தாலும் தண்ணீர் பிடிக்கும், அதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. கொஞ்ச நாள் வருஷக் கணக்கானது.

பிறகு முதலாளியின் மகன் பொறுப்புக்கு வந்தார். ஒருத்தர் லீவு போட்டால் ஒரு செக்‌ஷனே படுத்துவிடுகிறது, இனி எல்லாரும் எல்லா வேலையும் பழக வேண்டும், வாரம் ஒரு இடம் என்று சொல்லிவிட்டார். கடையே முணுமுணுத்தது. பட்டுச் சேலைப் பெண்கள் மிளகாய் வற்றல் நிறுத்துத் தும்மித் தீர்த்தார்கள். மளிகை அண்ணாச்சி சேலை மடித்தால் சாக்கைச் சுருட்டின மாதிரி இருக்கும். அந்த வாரம் மளிகையில் நிற்கிறவர் சாயங்காலம் உடைந்த கடலைமிட்டாயைப் பொட்டலம் கட்டி மேலே கொண்டுவருவார். அவ்வளவு சிரித்த நாட்கள் எனக்குப் பிறகு வாய்க்கவில்லை.

என் முறை வந்து மேலே போனபோது, நேற்று வந்த பெண் ஒருத்தி எனக்குச் சேலை மடிக்கக் கற்றுக்கொடுத்தாள். நல்ல பிள்ளையாய்த் தலையாட்டினேன். மடிப்பு தானாகக் கைக்குள் வந்ததும் அழுகை முட்டியது. இந்த இடம் எனக்குத் திரும்ப வேண்டும் என்று இருந்தது.

சூப்பர்வைசர் அதற்கும் ஒரு நிபந்தனை வைத்தார். கல்யாண வீடு வந்தால் மட்டும் நான் ஒதுங்கிக்கொள்ள வேண்டும்.

தை மாதம், உளுந்து விற்ற கையோடு எப்போதும்வென்றான் ஊரிலிருந்து ஒரு கல்யாண வீடு வந்தது. பட்டுச் சேலைப் பெண்கள் அந்த வாரம் கீழே. மேலே நானும் மளிகை அண்ணாச்சியும்தான். நான் ஒதுங்கினேன். அவர் பட்டைத் தலைகீழாகப் பிரித்து முந்தியைத் தேடிக்கொண்டிருந்தார். கல்யாணப் பெண்ணின் அத்தை, நீ ஏன் சும்மா நிற்கிறாய் என்று என்னைக் கேட்டவள், என் வெறும் நெற்றியைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினாள். எனக்குச் சுருக்கென்றது. பக்கெட்டுக்கே போய்விடலாம் என்று படியை நோக்கி நடந்தேன்.

சுவரோரம் என்னைப் போலவே வெறும் நெற்றியோடு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். பெண்ணின் தாய். பெற்ற மகளுக்குச் சேலை எடுக்க வந்துவிட்டு, சேலைக்குப் பக்கத்தில் வராமல் அவ்வளவு தூரத்தில் இருந்தார். நான் தாண்டும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, சேலை விரித்துக் காட்டுகிற மெத்தைக்கு வந்து உட்கார்ந்தார்.

"நீங்க எடுத்துப் போடுங்க தாயி. எம் மவளுக்கு நாந்தான் பாக்கணும்."

அத்தை தடுக்க வாயெடுத்தாள்.

"அவள வளத்தது இந்தக் கைதான மைனி" என்றார் அந்த அம்மாள், குரலை உயர்த்தாமல்.

விரித்தேன். அரக்கு உடல், மாம்பழ நிறக் கரை. அம்மாள் அதைத் தடவிப் பார்த்து மகளின் தோளில் போட்டார். சூப்பர்வைசர் படியில் நின்று பார்த்துவிட்டு, அன்று சாயங்காலமே என்னை மளிகைக்கு மாற்றினார். ஆத்திரமாய் வந்தது. போய்த் தராசு முன்னால் நின்றேன்.

வாரம் ஒரு இடம் என்பது எனக்கு மட்டும் அதோடு நின்றது, மறு வருஷமும் மளிகையில்தான் இருந்தேன். ஒருநாள் அதே அத்தை வாசலில் சூப்பர்வைசரை மறித்துக்கொண்டிருந்தாள். அன்று கல்யாணப் பெண்ணாக வந்த அண்ணன் மகளுக்கு வளைகாப்பு, சேலை எடுக்க வந்திருக்கிறாள். மேலே பெண்கள் இருக்கிறார்கள் என்று அவர் சொல்லிப் பார்த்தார்.

"அவிய வேண்டாம். அன்னைக்கு முகூர்த்தப் பட்டு எடுத்துத் தந்தாவள்லா, அவிய வரட்டும். ராசியான கை."

தராசில் கொட்டிய உளுந்தை அப்படியே விட்டுவிட்டு மேலே போனேன்.