ஆறாம் நம்பரில் ஓடிய இரண்டு கிரேன்கள்

இதை எழுத வேண்டாம் என்றே பல வருடம் இருந்துவிட்டேன். சாமியைக் குறை சொன்னதாகிவிடுமோ என்ற பயம். தப்பு என்னுடையது என்பதால் எழுதுகிறேன்.

திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்பிக் கொட்டகையில் கிரேன் ஓட்டுகிறேன். கூரைக்குக் கீழே ஓடும் கிரேன். என் கையில் ரிமோட். கம்பிக்கட்டைக் கொக்கியில் மாட்டுவது என் மச்சான், மனைவியின் தம்பி. எப்போதும் சுமைக்குப் பக்கத்தில்தான் நிற்பான்.

புது ரிமோட் வந்தபோது, கிரேனுக்குச் சிக்னல் போகும் சேனலை ஒன்று முதல் ஒன்பதுக்குள் எந்த நம்பரிலும் வைக்கலாம் என்றார் மெக்கானிக். ஆறுமுகனை நினைத்து ஆறில் வைத்துச் சந்தனம் இட்டேன்.

ஒரு மாதம் கழித்து, நான் பொத்தானைத் தொடாமலே கிரேன் நகர்ந்தது. எனக்கு மெய்சிலிர்த்தது. கற்பூரம் காட்டினேன். விக்கிரவாண்டியிலிருந்துகூட வந்து கும்பிட்டுப் போனார்கள்.

"முருகன் நகத்தட்டும் மாமா. சொல்லிட்டு நகத்தச் சொல்லு. கீழ நிக்கிறது நானு" என்றான் மச்சான்.

ஒரு மத்தியானம் நான் ஏற்றிக்கொண்டிருந்த கம்பிக்கட்டு தானாக இறங்கி அவன் தோளைக் கிழித்துக்கொண்டு தரையில் மோதியது. அதே நேரம் சுவருக்கு அந்தப் பக்கம், "ஏய், எறக்குனா ஏன்யா ஏறுது!" என்று ஒரு சத்தம்.

மச்சானை மற்றவர்கள் தூக்க, நான் அந்தப் பக்கம் ஓடினேன். அது சிமெண்ட் குழாய் செய்யும் கொட்டகை. அங்கே கிரேன் ஓட்டுகிறவர் கையிலிருந்த ரிமோட்டிலும் சந்தனம்.

"இன்னா நம்பர் வச்சிருக்கீங்க?" என்றேன்.

"ஆறுண்ணா."

"நானும் ஆறுதான்."

அவர் முகம் வாடிவிட்டது. "என் கிரேனும் தானா நகருதுன்னு காவடி எடுக்கறதா வேண்டிக்கினு இருக்கேன். நீங்கதானா அது!"

விட்டுக்கொடுப்போம் என்று அன்றே நான் நவக்கிரகத்தை நினைத்து ஒன்பதுக்கு மாறினேன். காலையில் கிரேன் மறுபடி தானாக நகர்ந்தது. அவரும் விட்டுக்கொடுத்து ஒன்பதுக்கு வந்திருந்தார். மும்மூர்த்திகள் என்று மூன்றுக்குப் போனேன், அங்கேயும் அவர்.

இருவரும் மெக்கானிக்கை அழைத்தோம். பக்கத்து நம்பரும் ஆகாது, தள்ளி வையுங்கள் என்றார். "ஒருத்தர் ஆறு, ஒருத்தர் எட்டு" என்று அவரே பிரித்தார்.

எட்டு சனியின் எண் என்று இருவரும் ஆறையே பிடித்துக்கொண்டு நின்றோம். கடைசியில் அவர், "நீங்க பெரியவருண்ணா, சனி உங்கள ஒண்ணும் பண்ணாது" என்றார்.

"உனக்கு வயசிருக்குப்பா, நீ தாங்குவே."

தோளில் கட்டோடு மச்சான் வந்து நின்றான். "ரெண்டு பேரும் நல்ல நம்பரா பாத்துக்கினு இருங்க. கெட்ட நேரம் எனக்குத்தானே."

எட்டை நான் வைத்துக்கொண்டேன். மயிலத்துக்குப் போய் முருகனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அதற்குப் பிறகு கிரேன் தானாக நகரவே இல்லை. கும்பிட வந்தவர்களுக்கு அதில் வருத்தம். மச்சானை முருகன் காப்பாற்றியதாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

"காப்பாத்துனாரு, சரி. யாருகிட்ட இருந்துன்னும் சொல்லச் சொல்லு" என்கிறான் அவன்.

இதைப் படித்தவர்கள், கொட்டகைகளில் வேலை செய்யும் நாலு பேருக்குச் சொல்லுங்கள். அற்புதம் எதையும் சேர்க்க வேண்டாம். நான் கற்பூரம் காட்டியதை மரியாதைக்காக விட்டுவிடவும் வேண்டாம். பக்கத்துக் கொட்டகையில் ஒரு வார்த்தை கேட்காமல் இருந்தேன். அதையும் அப்படியே சொல்லுங்கள்.