பெண்கள் பக்கம் வந்த சுருள்

ரொறன்ரோவில் நான் பராமரிக்கும் ஹன்னா அம்மாவின் வீட்டில் நாள் பொழுதுபட்டதும் தொடங்குகிறது. செவ்வாய் மாலையே புதன் வந்துவிடும். திகதிகளில் பிடிவாதமான எனக்கு இது பிடிபட ஓர் ஆண்டு எடுத்தது. யூதர்களின் இலையுதிர்காலப் பண்டிகைகள் திஷ்ரே மாதத்தில் வரிசையாக வந்து, இருபத்திரண்டாம், இருபத்திமூன்றாம் நாட்களில் முடிகின்றன. இருபத்திரண்டில் மழைக்கு மன்றாடுகிறார்கள். வெளியே ஏற்கனவே கொட்டிக்கொண்டிருந்தது. இந்த மன்றாட்டை மன்னாரில் எங்கள் உயிலங்குளத்து வயல்களுக்கு அனுப்பினால் பெரும்போக விதைப்புக்கு உதவுமே என்று நினைத்தேன். மறுநாள் சிம்ஹாத் தோரா. வேதச்சுருளை வாசித்து முடித்து, உடனேயே முதலிலிருந்து தொடங்கி, சுருளை அணைத்தபடி ஆடும் நாள்.

தொழுகைக்கூடத்தில் ஆடுவது ஆண்கள். பெண்கள் திரைக்கு இப்பால் நின்று பார்ப்பார்கள். இந்த ஆண்டு முதன்முறையாக ஒரு சுருளைப் பெண்கள் பக்கமும் தருவதாக அவர்களின் குருவான ரபி சம்மதித்திருந்தார். கிழமைக்கணக்காக வீட்டில் அதே பேச்சு. அவர்கள் ஆங்கிலத்தில் பேசினாலும் என் காதில் மன்னார்த் தமிழாகவே விழும்.

"எனக்குப் பாத்தே மனம் நிறைஞ்சிட்டுது. தூக்க வேண்டாம்" என்றார் ஹன்னா அம்மாவின் சிநேகிதி.

ஹன்னா அம்மாவுக்கோ சாவதற்குள் ஒருமுறை தூக்க வேண்டும். மகள் ரூத் மறுத்தார். "உங்கட கை நடுங்குது. சுருள் விழுந்தால் பாத்த எல்லாரும் நோன்பிருக்க வேணும்."

"நோன்பிரு. உன்ர வயிறும் குறையும்."

எங்கள் ஊரான தோட்டவெளியில் திருநாளன்று மாதாவின் சுரூபம் வைத்த கூட்டை ஆண்களே தோளில் சுமப்பார்கள். இரவெல்லாம் சோடித்த நாங்கள் மெழுகுதிரியோடு பின்னால் நடப்போம். நற்கருணைப் பவனி கடந்தால், தெருமண் என்றும் பாராமல் முழந்தாளிடுவோம்.

அந்தப் பழக்கம்தான். வெல்வெட் உறையும் வெள்ளி மணிகளுமாகச் சுருள் திரையைத் தாண்டியதும், ஹன்னா அம்மாவின் சக்கர நாற்காலிக்கு அருகில் என் முழங்கால்கள் தாமாக மடிந்தன. அங்கே யாரும் அப்படிச் செய்வதில்லை. பெண்கள் திகைத்தார்கள்.

"ஸ்டெல்லா, தலை சுத்துதோ?" ரூத் பதறினார்.

"இல்லை, மரியாதை..."

"எழும்பாதை! அப்பிடியே இரு!" என்று கத்தினார் ஹன்னா அம்மா. குனிந்திருந்த என் தோள் அவருடைய மடிக்குச் சரிமட்டமாக இருந்தது. ரூத் தாயைப் பார்த்தார், என் தோளைப் பார்த்தார். சுருளை வாங்கித் தாயின் கைகளில் சாய்த்து, அடிப்பக்கத்தை என் தோளில் இறக்கினார்.

"நான் தொடலாமோ?"

"இப்பவோ கேக்கிறாய்? விழுத்திப்போடாதை!"

ஹன்னா அம்மாவின் கைகள் நடுங்க நடுங்க, மணிகள் ஓயாமல் கிலுங்கின. பெண்கள் எங்களைச் சுற்றிக் கைகோத்து ஆடத் தொடங்கினார்கள். தூக்க வேண்டாம் என்ற சிநேகிதிதான் எல்லாரிலும் பலமாகக் கைதட்டினார். நானும் என்னை மறந்து பாடினேன், ஒரு சொல்லும் தெரியாமல்.

பண்டிகை முடிந்த இரவு, மன்னாரில் அடம்பனிலுள்ள அக்காவைப் போனில் அழைத்தேன். அங்கே மறுநாள் விடிந்திருந்தது.

"பொம்பிளையள் தூக்கினவையோ?"

"ஓம் அக்கா. என்ர தோளிலயும் இருந்தது."

"எந்தத் தோள்?"

"இடது. இன்னும் நோகுது."

"அப்ப வலதை அங்க ஒருத்தருக்கும் குடுக்காதை. திருநாளுக்கு வா. இந்தமுறை மாதாவின்ர கூட்டைப் பொம்பிளையளுக்கும் தரச்சொல்லிப் பாதரிட்டக் கேக்கிறதெண்டு இஞ்ச நாங்கள் ஆறு பேர் நிக்கிறம்."

வலது தோளில் இடுக்கியிருந்த போனை, நோகிற இடது பக்கத்துக்கு மாற்றிக்கொண்டேன்.