நான்கு மணிக்குத் தெரு காலி

மரியசுந்தரம், பல ஊர்களைச் சேர்த்து நடத்தும் கொம்யூன் பஞ்சாயத்தில் முப்பத்தொரு வருடம் தண்ணீர்த்தொட்டி ஆபரேட்டராக இருந்தார். போன ஐப்பசியில் நெஞ்சுவலி வந்து, ஆம்புலன்ஸ் கரிக்கலாம்பாக்கம் தாண்டுவதற்குள் போய்விட்டார். ஓய்வு பெற ஏழு மாதம் பாக்கி இருந்தது. இது அவர் போன கதை இல்லை. அதே வருடம் மே மாதம் அவர் ஜெயித்த கதை.

அவர் பொறுப்பில் இருந்த ஊர் செங்கேணிப்பாக்கம். நானூற்றுப் பன்னிரண்டு வீடு. ஒரு மேல்நிலைத் தொட்டி, கொள்ளளவு ஒரு லட்சம் லிட்டர். வீட்டுக்கு வீடு குழாய் உண்டு, அழுத்தம்தான் போதாது. அதனால் எல்லாக் குழாயும் வாசலுக்கு வெளியே, தெருவோரத்தில், முழங்கால் ஆழக் குழிக்குள் இறங்கியிருக்கும். தண்ணீர் பிடிக்க வேண்டுமென்றால் தெருவுக்கு வந்துதான் ஆகவேண்டும்.

எப்போது வரும் என்பதுதான் சிக்கல். கரன்ட் இருந்தால் மோட்டார் ஓடும், தொட்டி நிறையும், நிறைந்தால் வால்வு திறக்கும். ஒரு நாள் காலை ஆறு மணி, இன்னொரு நாள் பத்து. தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த மேலத்தெருக்காரர்களுக்கு வால்வு திறக்கிற சத்தமே கேட்டுவிடும். ஒரு கிலோமீட்டர் தள்ளி, பள்ளத்தில் இருந்த ஏரிக்கரைத் தெருவுக்கு ஒன்றும் கேட்காது. அந்தத் தெருப் பெண்கள் முறை போட்டுக்கொண்டு குழியோரம் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண் வேலைக்குப் போகாமல், இல்லாவிட்டால் ஒரு பிள்ளை பள்ளிக்குப் போகாமல் அங்கே இருக்கும்.

பத்தொன்பது வருடத்துக்கு முன்பு, மூடிப்போன ஒரு மில்லின் சைரனைப் பழைய இரும்புக் கடையில் மரியசுந்தரம் பார்த்தார். மோட்டார் கருகியிருந்தது. தானே செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டி, தொட்டியின் உச்சியில் ஏற்றி மாட்டினார். ஊர் அதைச் சங்கு என்றது. இரண்டு குட்டை ஊதல் என்றால் தண்ணீர் திறந்தாச்சு. ஒரு நீள ஊதல் என்றால் மூடியாச்சு. குழியோரம் காத்திருப்பது அன்றோடு முடிந்தது.

நாளடைவில் அது ஊர்க்காரர்களின் உடம்பில் ஊறிவிட்டது. குட்டை ஊதல் கேட்டால் கை தானாகக் குடத்துக்குப் போகும். கல்யாணப் பந்தியில் பாதி இலையில் எழுந்து ஓடியவர்கள் உண்டு.

அலுவலகத்தில் மட்டும் அந்தச் சைரனுக்கு ஒரு காகிதமும் கிடையாது. இளநிலைப் பொறியாளர் அரிகரனுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. முப்பது வயது, வேலையில் சுத்தம். தண்ணீர் நேரத்துக்கு வாட்ஸ்அப் குழு தொடங்கினார். ஏரிக்கரைத் தெருவில் பாதி வீட்டில் இருப்பது ஒரே போன். அது பகலில் புருஷனோடு வேலைக்குப் போய்விடும். குழு மேலத்தெருவோடு நின்றது.

அப்படியிருக்கையில் எல்லையில் சண்டை மூண்டது.

புதன்கிழமை ஆணையர் கூட்டம். தேர்தல் நடந்து வெகுகாலம் ஆனதால் கொம்யூனில் உறுப்பினர் என்று யாரும் இல்லை. ஆணையர் விஜயராணிதான் எல்லாம். பொருள் ஒன்று, எரியாத தெருவிளக்கு. இரண்டு, மழைக்கு முன் வாய்க்கால் தூர். மூன்று, நாய்த்தொல்லை. நான்கு, குளோரின் பவுடர் இருப்பு. ஐந்து, போர்.

"வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஒத்திகை," என்றார் ஆணையர். "சைரன் அடிச்ச அஞ்சு நிமிஷத்துல ஜனங்க எல்லாரும் வீட்டுக்குள்ள போயிடணும். சப் கலெக்டர் நேர்ல வராரு. நம்ம கொம்யூன்ல வேலை செய்ற சைரன் எங்க இருக்கு?"

எல்லோரும் மரியசுந்தரத்தைப் பார்த்தார்கள். அவர் எழுந்து நின்றார். அவ்வளவு நாள் கணக்கில் வராமல் கிடந்த சைரனை ஆணையரே கேட்கிறார். மார்பு கொஞ்சம் நிமிர்ந்தது.

"எப்படிம்மா அடிக்கணும்?"

"ஏத்தி எறக்கி ரெண்டு நிமிஷம். அது அபாயம். அப்புறம் ஒரே சீரா ரெண்டு நிமிஷம். அபாயம் நீங்கிடுச்சுன்னு அர்த்தம்."

மரியசுந்தரம் மனசுக்குள் ஒருமுறை அடித்துப் பார்த்தார். ஏற்றி இறக்கினால் ஊருக்கு அது குட்டை ஊதல். சீராக அடித்தால் நீள ஊதல்.

"அப்படியே தலைகீழா நடக்கும்மா," என்றார். "அபாயம்னா வெளிய ஓடியாருவாங்க. அபாயம் போச்சுன்னா உள்ள போவாங்க. எங்க ஊருக்கு மட்டும் மாத்தி அடிக்கலாமா?"

"நாடு பூரா ஒரே ஒலி. உங்க ஊருக்குத் தனியா அடிக்க முடியாது. ஆட்டோல மைக் கட்டிச் சொல்லுங்க. புரிஞ்சுக்குவாங்க."

வியாழக்கிழமை ஆட்டோ மைக் கட்டிக்கொண்டு மூன்று சுற்று வந்தது. அதே ஆட்டோதான் மாம்பழம் விற்கும், சாவும் சொல்லும். அது சொல்வதை யாரும் முழுசாகக் கேட்பதில்லை. பதினோரு மணிக்கு அரிகரன் முன்னிலையில் ஒருமுறை அடித்துப் பார்த்தார்கள்.

மூன்று நிமிடத்தில் ஊரே தெருவில் நின்றது. பச்சை, நீலம், சிவப்பு என்று பிளாஸ்டிக் குடங்கள். எண்ணத் தொடங்கிய அரிகரன் முந்நூறோடு நிறுத்திக்கொண்டார்.

ஏரிக்கரைத் தெரு இளவரசி இடுப்பில் குடத்தோடு தொட்டி வரை நடந்தே வந்துவிட்டாள். இரண்டு மாடு வைத்திருப்பவள். அந்தத் தெருவுக்கு வாய் என்றால் அவள்தான்.

"இன்னாண்ணே, சங்கு ஊதற, கொழாயில காத்துதான் வருது?"

"தண்ணி இல்லம்மா இது. குண்டு விழுந்தா இன்னா பண்ணணும்னு ஒத்திகை."

"ஏன், குண்டு விழுந்தா நாங்க தண்ணி குடிக்கக் கூடாதா?"

கூட்டம் சிரித்தது. அரிகரன் சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்த பிறகு மரியசுந்தரத்தைத் தனியாக அழைத்தார்.

"அண்ணே, நாளைக்கு சப் கலெக்டர் முன்னாடி இது மாதிரி நடந்தா, சனிக்கிழமை சைரனைக் கழட்டி ஆபீசுக்குக் கொண்டாந்துடுவேன். அபாயத்துக்குன்னு இருக்கிற சத்தத்த தண்ணிக்கு ஊதுனா ஜனங்க இப்படித்தான் ஆவாங்க. கோவிச்சுக்காதீங்க."

சொன்னால் செய்கிற ஆள். மரியசுந்தரம் தொட்டியடியில் உட்கார்ந்தார். சைரன் இறங்கினால் ஏரிக்கரைத் தெரு மறுபடி குழியோரத்துக்குப் போகும். பத்தொன்பது வருடப் பழக்கத்தை ஒரே நாளில் மாற்றவும் முடியாது. சரி, ஜனங்கள் எதற்குக் கட்டுப்படுகிறார்கள்? சங்குக்கா? இல்லை. காத்து வருகிறது என்று தெரிந்ததும் அத்தனை பேரும் வீட்டுக்குத்தானே போனார்கள்? அவர்கள் கட்டுப்படுவது தண்ணீருக்கு. குழாய் நின்றால் மே மாத வெயிலில் எவரும் தெருவில் நிற்க மாட்டார்கள். நாளைக்கு முன்கூட்டியே திறந்துவிட்டு, நான்கு மணிக்கு நிறுத்தினால் போதும்.

குளோரின் ரெஜிஸ்டரின் பின்னட்டையில் குழாய் வரைபடம் போட்டார். அந்தப் படம் இன்னும் இருக்கிறது. ஒன்றைத் தவிர அளவு எதுவும் தப்பில்லை. தொட்டியடி வால்வு இருபத்திரண்டு சுற்று. அதை மூடினால் மேட்டுத் தெருக்கள் இரண்டு நிமிடத்தில் வறண்டுவிடும். ஆனால் குழாயில் மிச்சமிருக்கும் தண்ணீர் முழுக்கப் பள்ளத்துக்கு ஓடும். ஏரிக்கரைத் தெருவில் இன்னும் ஏழு நிமிடம் கொட்டிக்கொண்டுதான் இருக்கும். பள்ளிக்கூட முனையில் அந்தத் தெருவுக்கென்று ஒரு வால்வு உண்டு. அதையும் மூட வேண்டும். இரண்டு வால்வுக்கும் நடுவே அறுநூறு மீட்டர். ஆள் ஒருவர். மற்ற ஊழியர்கள் அனைவரும் சிவப்புக் கொடியோடு ரோட்டு டூட்டியில் இருப்பார்கள்.

சாயங்காலம், தன்னிடம் இருந்த இரண்டு வால்வுச் சாவியில் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு இளவரசி வீட்டுக்குப் போனார். இடுப்புயர இரும்புக் கம்பி, மேலே குறுக்குப் பிடி. அவள் மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னார்.

"சாவிய என் கையில குடுக்கறியா? எங்க தெரு வால்வ நீ ஒழுங்காத் தெறக்கறதில்லன்னு கொம்யூனுக்கு நாலு தபா மனு குடுத்தவ நானு."

"அதான் குடுக்கறேன். நாளைக்கு நீயே பாரு. வலப்பக்கம் பதினாலு சுத்து. மூணு அம்பத்தஞ்சுக்கு ஆரம்பிக்கணும்."

"மூடாம வுட்டுட்டா?"

"உங்க தெரு வெளிய நிக்கும். சனிக்கிழம சங்கு கீழ எறங்கும்."

அவள் கை தவிட்டுத் தொட்டியில் அப்படியே நின்றது. "சங்கு வர்றதுக்கு முன்னாடி எங்கம்மா என்னை ஆறாங்கிளாசோட நிறுத்துச்சு. குழியாண்ட ஒக்கார ஆளு வேணும்னு." கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "குடு இப்படி."

வெள்ளிக்கிழமை மதியம் மரியசுந்தரம் அரிகரனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மறைத்துச் செய்வது அவருக்கு வராது.

"இது ஏமாத்து வேலை இல்லையா?" என்றார் அரிகரன்.

"ஜனங்க உள்ள போகணும்னு உத்தரவு. எதுக்காகப் போகணும்னு உத்தரவுல இருக்கா சார்?"

அரிகரன் ரெஜிஸ்டரை வாங்கிப் படத்தைப் பார்த்தார். ஏரிக்கரைத் தெருக் கோட்டின் மேல் விரலை வைத்தார். "ஏழு நிமிஷம்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"நின்னு பாத்துருக்கேன் சார்."

"சரி. நீங்க வால்வுல இருங்க. சைரன் சுவிட்சு என்கிட்ட."

மூன்று இருபதுக்கு இரண்டு குட்டை ஊதல். ஊர் வெளியே வந்தது. தண்ணீர் நன்றாகவே வந்தது. மூன்றே முக்காலுக்குச் சப் கலெக்டரின் ஜீப் வந்து நின்றபோது ஒவ்வொரு குழியருகிலும் நான்கு பேர். ஆணையர் விஜயராணி மரியசுந்தரத்தைப் பார்த்த பார்வையில் மெமோ எழுதியிருந்தது.

மூன்று ஐம்பத்தாறுக்கு அவர் தொட்டியடி வால்வைச் சுற்றத் தொடங்கினார். பதினெட்டாம் சுற்றில் இறுகியது. தோளைக் கொடுத்துத் தள்ளினார். அசைந்தது. இருபத்திரண்டு. சரியாக நான்குக்கு அரிகரன் சுவிட்சைப் போட்டார். ஐந்து விநாடி போட்டு, ஐந்து விநாடி அணைத்து, ஏற்றி இறக்கி.

மேலத்தெருவில் குழாய்கள் இருமின. நூலாகின. நின்றன.

"சங்கு ஊதுது, தண்ணி நிக்குதே! இன்னாடி இது?"

"மோட்டார் அவுட்டு போல. வா, வெயில்ல ஏன் சாவணும்?"

நிறைந்த குடமும் நிறையாத குடமுமாகத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். கோயில் தெரு, மாதா கோயில் தெரு, மேலத்தெரு. இரண்டரை நிமிடத்தில் தெருவில் நாய் மட்டும் நின்றது. ஜீப் ஏரிக்கரைத் தெருவுக்குத் திரும்பியது. மரியசுந்தரத்துக்கு அங்கிருந்து அது தெரியாது. சாவியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

அங்கே தெரு சுத்தமாகக் காலி. பள்ளிக்கூட முனையில், வால்வுக் குழியின் சிமென்ட் மூடி மேல், சாவியை மடியில் குறுக்கே போட்டுக்கொண்டு இளவரசி ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா, நீங்க உள்ள போகலையா?" என்றார் சப் கலெக்டர்.

"நான் டூட்டில இருக்கேன் சார்."

ஒரு ஜன்னலுக்குள்ளிருந்து குரல் வந்தது: "பாவி, நீயா மூடின? எனக்கு இன்னும் ஒரு கொடம் இருந்துச்சுடி!"

"மூடுடி ஜன்னல! குண்டு வருது!"

சப் கலெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். நான்கு நிமிடம் பத்து விநாடி. காலையில் அவர் வேறொரு ஊரில் பார்த்த ஒத்திகையில் பதினேழு நிமிடம் ஆகியிருந்தது.

பிறகு சீரான ஊதல் ஒலித்தது. மரியசுந்தரம் திறந்தார், இளவரசியும் திறந்தாள். குழாய்கள் சீறின. காலிக் குடங்களோடு ஊர் வெளியே வந்தது. உத்தரவில் எழுதியிருந்தபடியே எல்லாம் நடந்தது.

தொட்டியடியில் சப் கலெக்டர் கேட்டார், "இவ்வளவு சீக்கிரம் எப்படி?"

"தண்ணிய நிறுத்திட்டேங்க," என்றார் மரியசுந்தரம்.

ஆணையரின் முகம் மாறியது. "நெஜமாவே போர் வந்தா என்ன பண்ணுவீங்க?"

"அப்பவும் வால்வு என் கையிலதாம்மா இருக்கும்."

சப் கலெக்டர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அதன் பிறகு ஆணையராலும் அடக்க முடியவில்லை. யாரும் எதிர்பாராமல் அரிகரன் முன்னால் வந்தார். "மேடம், சைரன் இங்கயே இருக்கட்டும். பதிவேட்டுல ஏத்திடலாம். நான் குறிப்பு எழுதறேன்."

அப்போதுதான் இளவரசி வந்து சாவியைத் தரையில் டங்கென்று ஊன்றினாள். "அண்ணே, உன் வால்வு பதினாலு சுத்து இல்ல. பதினாறு. மூடறப்ப பதினாலுதான். தெறக்கறப்ப பதினாலுல நின்னுச்சு, இன்னும் கொஞ்சம் தள்ளினேன், ரெண்டு சுத்து கூடப் போச்சு. நான் மனு குடுத்தது பொய்யா?"

மரியசுந்தரம் அவளோடு பள்ளிக்கூட முனை வரை நடந்துபோய்ப் பார்த்தார். கடைசி இரண்டு சுற்று எந்தக் காலத்திலோ துருப்பிடித்து இறுகிவிட்டதால், பதினான்குதான் முழுசு என்று அவரே நம்பியிருந்தார். தெருவில் குழாய்கள் முன்பைவிடத் தடிப்பாகக் கொட்டிக்கொண்டிருந்தன.

"பொய்யில்லம்மா," என்றார். "நீ சொன்னதுதான் சரி." ஜெயித்த நாளில் தோற்றதையும் அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

சனிக்கிழமை மாலை சண்டை நின்றது. அடுத்த புதன் கூட்டத்தில் தீர்மானம் பதிவானது: செங்கேணிப்பாக்கம் சைரன் கொம்யூன் சொத்தாகச் சேர்க்கப்படுகிறது, தண்ணீர் அறிவிப்புக்குத் தொடர்ந்து பயன்படுத்தலாம், அபாய ஒலி எழுப்பும்போது இரு வால்வுகளும் மூடப்பட வேண்டும், பள்ளிக்கூட முனை வால்வுக்கு இளவரசி தன்னார்வலர். ஆணையர் கையெழுத்திட்டார். அரிகரன் நகல் எடுத்து மரியசுந்தரத்தின் கையில் கொடுத்தார். அவர் அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நேரே ஸ்டோருக்குப் போய், ஊரில் இருக்கும் பதினோரு வால்வுக்கும் போதுமான கிரீஸ் கேட்டார்.