வெட்டி எறிந்த ஓரங்கள்

என் அப்பா டெஸ்மண்ட் ஹாலோரனை அந்தப் பல்கலைக்கழகத்தில் யாருக்கும் பிடிக்காது. அவருக்கும் யாரையும் பிடிக்காது. பிரிஸ்பன் நகரில், ஆற்றைப் பார்த்த நூலகத்தின் இரண்டாம் மாடி வரைபட அறையில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தார்.

அறை வாசலில் ஒரு தகர டப்பா இருக்கும். வருகிறவர்கள் பேனாவை அதில் போட்டுவிட வேண்டும். உள்ளே பென்சில் மட்டும்தான். ஒருமுறை நிலவியல் பேராசிரியர் ஒருவர் சட்டைப்பையில் பேனாவோடு நுழைந்தார். அப்பா எழுந்து போய் அதை உருவி டப்பாவில் போட்டார்.

"டெஸ், நான் இங்க பதினெட்டு வருஷமா இருக்கேன்."

"மை அதவிட அதிக நாள் இருக்கும்."

மதியம் வெளிப்படியில் உட்கார்ந்து உப்பிட்ட மாட்டிறைச்சி சாண்ட்விச் தின்பார். அரிவாள்மூக்கன் பறவைகள் சுற்றி நிற்கும். குப்பைத்தொட்டியைக் கிளறுவதால் எங்கள் ஊரில் அவற்றுக்குக் குப்பைக் கோழி என்று பெயர். அப்பா நூலக நிர்வாகிகளையும் அப்படித்தான் சொல்வார், அவர்கள் காதுபட.

நான் அவருடைய ஒரே மகள், மேவ். நில அளவைத் தரவு என் தொழில். ஒன்பது வருடத்துக்கு முன் நூலகம் தன் வரைபடங்களை ஸ்கேன் செய்ய ஒரு நிறுவனத்துக்கு ஒப்பந்தம் கொடுத்தது. அந்த நிறுவனத்தில்தான் நான் வேலை பார்த்தேன். முந்நூற்று நாற்பது தாள்களின் வெள்ளை ஓரங்களை வெட்டி, திரையில் ஒன்றோடொன்று பொருத்தும் நிரலை எழுதியது நான். ஓரம் போனதும் தென்கிழக்குக் குயின்ஸ்லாந்து முழுவதும் ஒரே படமாக விரிந்தது. அறிமுகக் கூட்டத்தில் கைதட்டினார்கள்.

அப்பா தட்டவில்லை. எழுந்து வந்து திரையில் ஓர் ஓடையைத் தொட்டுக் காட்டினார். ஒரு தாளில் வந்த ஓடை, அடுத்த தாளில் சற்றுத் தள்ளித் தொடங்கியது.

"இது என்ன, தண்ணி தாவிக் குதிக்குதா?"

"தாள் ஈரத்துல விரியும்ப்பா. பழைய மேப்னா அப்படித்தான்."

"எட்டு மில்லிமீட்டரா?"

"நீ ஸ்கேல வெச்சு அளந்துட்டே இரு. மத்தவங்க வேலையப் பாக்கட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அப்பா சொன்னார்.

"நீ வெட்டினது ஓரம் இல்ல. மேப்போட வாய்."

தாள் எட்டு மில்லிமீட்டர் விரியாது. அன்று மாலையே எனக்கு என்ன தவறு என்று புரிந்துவிட்டது. வேலையை ஒப்படைத்தாயிற்று. வாயைத் திறக்கவில்லை. அப்பா இரண்டு கிறிஸ்துமஸுக்கு என் வீட்டுக்கு வரவில்லை. மூன்றாவதற்கு வந்தார். இறால் தின்றார், போனார்.

இந்த ஜூன் மாதம் நுரையீரல் நோய் அவரைக் கொன்றது. மருத்துவமனையில் கடைசியாகக் கேட்டது ஒன்றுதான்: "அந்த மேப் இழுப்பறைங்கள குப்பைக் கோழிங்ககிட்ட விட்றாத." சரி என்றேன்.

அடக்கத்துக்கு நூலகத்திலிருந்து யாரும் வரவில்லை. ஒன்பதாம் நாள் மின்னஞ்சல் வந்தது. ஸ்கேன் இருப்பதால் தாள்களை வியாழக்கிழமை கூழாக்கப் போகிறார்கள். அப்பாவின் சொந்தப் பொருட்களைப் புதன்கிழமைக்குள் எடுத்துக்கொள்ளலாம்.

புதன்கிழமை போனேன். வரைபடப் பிரிவின் தலைவி கெரின் வாட்லிங் வரைபட அறையிலேயே காத்திருந்தாள். மேசைமேல் தாள்கள் கட்டுக்கட்டாக இருந்தன.

"அப்பாவுக்காக வருத்தப்படறோம், மேவ். அவர் பெட்டி அங்க இருக்கு."

"பெட்டி இருக்கட்டும். தாளத் தூக்கிப் போடாதீங்க."

"எல்லாம் ஸ்கேன் ஆயிருச்சே. நீங்க பண்ணினதுதானே?"

"அதத் திரையில போடுங்க. மேல இந்த வருஷத்து வான்படத்த வைங்க."

போட்டாள். ஓடை வீட்டுக் கூரைகள்மேல் ஓடியது. பாலம் ஒரு கிரிக்கெட் மைதானத்தின் நடுவில் நின்றது. எல்லாம் தென்மேற்கே இருநூறு மீட்டர் தள்ளி; தாளில் அதுதான் எட்டு மில்லிமீட்டர்.

"சரி, இருநூறு மீட்டர் நகத்தி வெச்சா முடிஞ்சுது."

"எந்தெந்தத் தாள?"

விளக்கினேன். நாட்டின் அளவைக் கணக்கு 2000 வாக்கில் மாறியது; ஒரே இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் இருநூறு மீட்டர் அளவுக்கு நகர்ந்தன. இந்த இழுப்பறைகளில் பழைய கணக்குத் தாள்களும் உண்டு, புதியவையும் உண்டு. எது எந்தக் கணக்கு என்று கீழ் ஓரத்தில் ஒரே ஒரு வரி இருக்கும். என் நிரல் எல்லாவற்றையும் புதியது என்று எடுத்துக்கொண்டு, அந்த வரியை வெட்டி எறிந்தது.

"பாலத்தையும் ரோட்டையும் பாத்து ஒவ்வொண்ணா சரி பண்ணலாமே."

"பாதித் தாள் காடு. காட்டுல எந்தப் பாலத்தப் பாப்பீங்க?"

"மாணவங்க இத வெச்சுத்தான் வெள்ளக் கணக்குப் போடறாங்க. ஒன்பது வருஷமா ஏன் சொல்லல?"

"அப்பா சொன்னாரே."

"அவர் காப்பி மிஷினப் பத்திகூடத்தான் புகார் எழுதினார். யார் படிச்சாங்க?" கெரின் ஒரு கோப்பைத் திறந்தாள். "மேப்பப் பத்தி மட்டும் பதினேழு கடிதம். எல்லாத்துலயும் 'நிரல் தப்பு'ன்னு இருக்கு. நிரல எழுதினது யாருன்னு ஒண்ணுலகூட இல்ல."

வாங்கிப் பார்த்தேன். பதினேழையும் பார்த்தேன். அவருடைய சதுர எழுத்து. திட்டாத ஆள் இல்லை. என் பெயர் மட்டும் இல்லை.

"நாளைக்குக் காலைல வண்டி வருது," என்றாள் கெரின். "நிறுத்தணும்னா எனக்கு எழுத்துல வேணும். தப்பு நூலகத்தோடது இல்ல, உங்களோடதுன்னு. அன்னைக்கே தெரியும்னும் எழுதணும். உங்க நில அளவை லைசென்ஸ் போர்டுக்கு ஒரு நகல் அனுப்புவேன்."

"தாள் இங்கயே இருக்கும்?"

"இருக்கும். சாவி என்கிட்ட இருக்கும். நீங்க வரவேணாம்."

பையிலிருந்து பென்சிலை எடுத்தேன்.

"பேனாவால. பென்சில அழிச்சுரலாம்."

வாசலுக்குப் போய்த் தகர டப்பாவைத் துழாவினேன். நான்கு பேனாவில் ஒன்றுதான் எழுதியது. கெரின் மேசையில் இடம் ஒதுக்கினாள்.

"இங்க உக்காந்து எழுதுங்க."

"இங்க மேப் இருக்கு."

"அவர்தான் போயிட்டாரே, மேவ்."

கடிதத்தாளை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். கெரின் பின்னாலேயே வந்து கதவருகில் கைகட்டி நின்றாள். நான் வெளிப்படியில் உட்கார்ந்து, என் பெயரையும் லைசென்ஸ் எண்ணையும் முதல் வரியில் எழுதினேன். அரிவாள்மூக்கன் ஒன்று பக்கத்தில் வந்து தாளின் ஓரத்தைக் கொத்தப் பார்த்தது. காலால் துரத்திவிட்டு அடுத்த வரியை எழுதினேன்.