தகுதிச் சுற்றுக்கு முன் நான் கட்டிய கயிறு

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

இதை வாசிக்க அமர்ந்திருக்கும், நான் முன்பின் அறியாத தங்களுக்கு என் வணக்கம். நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். திருநெல்வேலிக்கும் பாபநாசத்துக்கும் இடையே ஓடிய ஒரு தனியார் பேருந்தில் முப்பத்தோராண்டுகள் நடத்துநராக இருந்தேன். பயணிகள் இருக்கையில் விட்டுச்சென்ற நாளிதழ்களும் வார இதழ்களுமே எனக்கு உரைநடை கற்பித்தன. நடையில் குறை இருப்பின் பொறுத்தருள்க. செய்தியில் குறை வைக்கவில்லை. என்னைக் காப்பாற்றிக்கொள்ளும் பொருட்டு ஏற்கெனவே நிறையக் குறைத்துப் பேசியிருக்கிறேன். அந்த வழக்கத்தை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். யார் பெயரையும் எழுதவில்லை.

என் மருமகன் பாளையங்கோட்டையில் ஓர் இருசக்கர வாகன விற்பனை நிலையத்தில் பழுதுபார்க்கும் பிரிவுக்குப் பொறுப்பாளர். அதற்கு மேல் அவர் ஒரு பந்தய வீரர். பெண் பார்க்க வந்த அன்றே அதைச் சொல்லிவிட்டார். சாலையில் பிள்ளைகள் முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு போவார்களே, அதுதான் என்று நினைத்து நான் முகம் சுளித்தேன். இதற்கென்றே அமைத்த வளையப் பாதையில், தோலுடை அணிந்து, உரிமம் பெற்று ஓட்டுவது என்று பிறகு விளங்கிற்று. தேசிய அளவில் பல ஆண்டுகளாக ஓட்டிவந்தார்.

சென்னைக்கு அப்பால் உள்ள பந்தயப் பாதைக்கு ஒரு சர்வதேசப் போட்டி வந்தது. ஆண்டு முழுதும் நாடு நாடாகச் சென்று ஓட்டும் வீரர்கள் அதில் கலந்துகொள்வார்கள். போட்டி நடக்கும் நாட்டின் வீரர்கள் இருவருக்கு மட்டும் அந்த ஒரு வாரக்கடைசிக்குச் சிறப்பு இடம் தருவார்கள். வைல்டு கார்டு என்று அதற்குப் பெயர். அவற்றில் ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்தது. ஆனால் இடம் கிடைத்தால் மட்டும் போதாது. சனிக்கிழமை தகுதிச் சுற்றில், குறித்த நேரத்துக்குள் ஒரு சுற்றையேனும் முடித்தாக வேண்டும். முடிக்காதவர் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் நிற்க இயலாது.

பழைய பேருந்துத் தோழர்கள் திருநெல்வேலிச் சந்திப்பில் பதாகை வைத்தார்கள். நடுவில் மருமகன், மூலையில் ஒரு வட்டத்துக்குள் நான். அந்த வழியாகப் போகத் தேவையில்லாத நாள்களிலும் நான் அந்த வழியாகவே போனேன்.

அவர் வண்டியைக் கவனித்துவந்தவர் மேலப்பாளையத்தில் பட்டறை வைத்திருக்கும் ஒரு பாய். என்னைவிடப் பத்து வயது இளையவர். வளைகுடாவில் பந்தய வண்டிகள் பழுதுபார்க்கும் இடத்தில் பல ஆண்டு வேலை செய்து திரும்பியவர். ஒன்பது ஆண்டுகளாக மருமகனின் வண்டியில் அவர் கையைத் தவிர வேறு கை பட்டதில்லை. பட்டறைக்கு ஒரு வாரம் பூட்டுப் போட்டுவிட்டு அவர் வந்தார். மருமகனுக்குத் தகப்பனார் இல்லை. 'நீங்க கூட வந்தா தெம்பா இருக்கும் மாமா' என்று அவர் கேட்டதால் நானும் சென்றேன். என் மகள் அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. அவள் வீட்டில் இருந்தாள்.

அயல்நாட்டு அணிகளுக்குக் குளிரூட்டிய அறைகள் இருந்தன. எங்களுக்குக் கடைசியில் ஒரு கூடாரம். அவர்கள் சக்கரங்களைச் சூடேற்ற மின்சாரப் போர்வை சுற்றி வைத்திருந்தார்கள். எங்களுக்கும் இரண்டு இரவலாகக் கிடைத்தன.

பாய் அதைத் தடவிப் பார்த்தார். "இங்கன டயருக்குக் கம்பளி போத்துதானுவ அண்ணாச்சி. மார்கழில எனக்கு எம் பொஞ்சாதி போத்த மாட்டேங்கா."

வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் மருமகன் தேவையான நேரத்துக்கு அரை விநாடி பின்தங்கி இருந்தார். அரை விநாடியை நாளை எடுத்துவிடலாம் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். பாய் மாலை முழுதும் வண்டியின் கீழ் படுத்திருந்தார். சனிக்கிழமை காலை அதிகாரிகள் வண்டியைச் சோதித்து ஒரு முத்திரைத் தாள் ஒட்டினார்கள். அதன்பின், பதிவு செய்த மெக்கானிக்கைத் தவிர வேறு எவரும் வண்டியைத் தொடலாகாது. மருமகன் இதை என்னிடம் தனியாக, மரியாதையோடு சொன்னார். நான் தலையசைத்தேன். என் சட்டைப்பையில் அப்போது ஒரு சிவப்புக் கயிறு இருந்தது.

எங்கள் தெரு அம்மன் கோவிலில் பூசையில் வைத்த கயிறு அது. புறப்படும்போது மகள் என் துணிகளுக்குள் சுருட்டி வைத்திருந்தாள். அன்று காலையிலிருந்து மூன்று முறை தொலைபேசியில் அழைத்துவிட்டாள்.

"கெட்டிட்டீயளாப்பா?"

இல்லை என்றேன். அவரிடம் கேட்டுவிட்டுக் கட்டுகிறேன் என்றேன்.

"அவுககிட்ட கேக்காதீங்க. வேண்டாம்னுதான் சொல்லுவாக. நீங்க பைய கெட்டிருங்கப்பா. எனக்கு மனசு ஆற மாட்டேங்கு."

நண்பகல் தொழுகைக்குப் பாய் கிளம்பினார். மருமகன் உடை மாற்றச் சென்றிருந்தார். "ஒரு பயலையும் வண்டிகிட்ட விட்டுராதீங்க அண்ணாச்சி. தொழுதுட்டு வந்துருதேன்" என்றார் பாய். நான் இருக்கிறேன், நிம்மதியாகப் போய் வாருங்கள் என்று பதில் சொன்னேன். காவல் வைக்கப்பட்டவன் நான் என்பதைத் தாங்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

முப்பத்தோராண்டுகள் வெள்ளிதோறும் பேருந்தின் கண்ணாடிக் கம்பியில் பூவும் கயிறும் கட்டியவன் நான். அதனால் எந்தக் கெடுதலும் வந்ததில்லை. வண்டி என்றால் கட்டத்தான் வேண்டும் என்பது என் கைக்குப் பழகிப்போன ஒன்று. வெளியே தெரியக்கூடாதே என்று, வலக்கைப் பக்கம், திருகினால் வேகம் கூட்டும் அந்த ஆக்ஸிலேட்டர் பிடியின் உள்விளிம்பில் மூன்று சுற்றுச் சுற்றினேன். மீந்த நுனியைச் சுண்டுவிரல் நகத்தால் இடுக்கில் தள்ளினேன். கீழே கிடந்த கறுப்பு ஒட்டுநாடாவில் ஒரு துண்டு கிழித்து மேலே ஒட்டினேன். திருநீறு பூசிக் கும்பிட்டுவிட்டு, மகளை அழைத்துக் கட்டியாயிற்று என்றேன். அவள் அழுதாள்.

பாய் ஓட்டமாக வந்தார். தகுதிச் சுற்று தொடங்குவதற்கான சங்கு ஒலித்துவிட்டது. வழக்கப்படி பிடியை ஒரு முறை திருகி விட்டார். அது சரியாகவே திரும்பியது. கயிற்றின் நுனி அப்போது பிரிந்திருக்கவில்லை.

முதல் சுற்று சக்கரத்துக்குச் சூடேற்ற. இரண்டாவது சுற்றில் மருமகன் எங்களைக் கடந்து சென்றபோது பாய் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என் தோளை அழுத்தினார். அரை விநாடியும் அதற்கு மேலும் கிடைத்துவிடும் என்று அந்த அழுத்தத்தில் தெரிந்தது. நேர்பாதையின் முடிவில் பிடியை விட்டு, பிரேக் பிடித்து, வலப்புறம் சாய வேண்டும். முன்னே சென்ற வண்டிகளின் ஓசை ஒவ்வொன்றாகத் தணிந்தது. எங்கள் வண்டியின் ஓசை தணியவில்லை. பாய் அதைக் கேட்டு முதலில் முகம் மாறினார். நான் அதன் பொருளை அறிவதற்குள் வண்டி வளையாமல் நேரே சரளை மண்ணுக்குள் சென்று உருண்டது.

தோள்பட்டை எலும்பு முறிந்ததோடு உயிர் தப்பியது. தகுதி நேரம் எதுவும் பதிவாகவில்லை.

வண்டியைக் கூடாரத்துக்குக் கொண்டுவந்தார்கள். சோதனை அதிகாரி வந்தார். அவருக்கு மொழிபெயர்க்கச் சென்னைக்காரர் ஒருவரும் வந்தார். அவர்கள் இருவரும் தங்கள் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்த பொழுதில் பாய் பிடியைக் கழற்றினார். உள்ளிருந்து திரிதிரியாய்ச் சிவப்பு நூல் வந்தது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் நெற்றியில் திருநீறு இருந்தது. அவர் உள்ளங்கையை மூடிக்கொண்டார்.

என்ன கோளாறு என்று அதிகாரி கேட்டதாக மொழிபெயர்ப்பாளர் சொன்னார். பிடியை நான்தான் சரியாகப் பொருத்தவில்லை, என் கைத்தவறு என்று பாய் சொன்னார். அதிகாரி அப்படியே எழுதினார். பாயின் கழுத்திலிருந்த அனுமதி அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார். இவ்வளவும் நடக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். பேசுவதற்குத் தாராளமாக நேரம் இருந்தது.

வாயிலுக்கு வெளியே, நாங்கள் பந்தய வண்டியை ஏற்றிவந்த லோடு வண்டியின் நிழலில் பாய் உட்கார்ந்திருந்தார். பாய் என்று அழைத்தேன்.

"முத்திர ஒட்டுன பொறவு வெளியாள் கை பட்டுச்சுன்னா மாப்ள லைசென்சு போயிரும் அண்ணாச்சி" என்றார் அவர். "எம் பேரு போனா போவுது. நான் என்ன பந்தயமா ஓட்டப் போறேன். ஆனா வீட்டாளுககிட்ட நீங்க சொல்லிருங்க. அது ஒண்ணு போதும்."

சொல்லிவிடுகிறேன் என்றேன்.

மருத்துவமனையில் மருமகன் கையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். வலியைவிடப் பெரிதாக அவருக்கு வேறொன்று இருந்தது. இப்படி ஓர் இடம் இன்னொரு முறை கிடைப்பதற்கு அவர் வயது இடம் கொடாது. பாயைப் பார்த்ததும், "ஒம்பது வருசம் உங்க கைய நம்பி கண்ண மூடிட்டு ஓட்டுனேன் பாய். இனிமே என் வண்டிய தொடாதீங்க" என்றார். குரலை உயர்த்தவில்லை. பாய் என்னைப் பார்த்துக் காத்திருந்தார். நான் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தேன். உரித்து முடித்து, கொட்டைகளை எடுக்கத் தொடங்கினேன். "சரி தம்பி" என்று சொல்லிவிட்டுப் பாய் வெளியேறினார். அன்று பேருந்து பிடித்து அவர் தனியாக ஊருக்குத் திரும்பியதாகப் பின்னர் அறிந்தேன்.

மாமனார் என்ற இருக்கையிலிருந்து இறங்க எனக்கு மனம் வரவில்லை. மாப்பிள்ளை முன் தலைகுனியக் கூடாது என்று வளர்ந்தவன். அதை ஒரு காரணமாகச் சொல்கிறேன், சமாதானமாக அல்ல.

மௌனத்தோடு நின்றிருந்தால்கூட இவ்வளவு எழுத வேண்டியிராது. ஊரில் தேநீர்க் கடையில் விசாரித்தார்கள். பாய் ஒரு திருகாணியை ஒழுங்காக முடுக்கவில்லை என்று என் வாயால் சொன்னேன். கேட்டவர்களில் ஒருவர், "பாய் கையில வண்டிய விட்டா நேரா மண்ணுக்குத்தானா வே?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தப் பேச்சு மேலப்பாளையம் வரை போயிற்று. பட்டறை வாசலில் வரிசையாக நிற்கும் வண்டிகள் குறைந்தன. பேருந்தில் அந்தப் பக்கம் போகும்போது நான் மறுபக்கச் சன்னலைப் பார்த்துக்கொண்டேன்.

மகளோ, கயிறு கட்டியதால்தான் உயிர் தப்பியது என்று சொல்லி அம்மனுக்குப் பொங்கலிட்டாள். அந்தப் பொங்கலை நான் சாப்பிட்டேன்.

பேரக்குழந்தைக்குப் பெயரிடும் நாள் வந்தது. பாய் வீட்டுக்கு அழைப்பு இல்லை. ஆயினும் அன்று காலை அவர் மனைவி வாசலில் வந்து, கைத்தறியில் நெய்த ஒரு சின்னத் துண்டைக் கொடுத்து, பிள்ளைக்குத் தலை துவட்ட என்று சொல்லிவிட்டு உள்ளே வராமல் போனார். விருந்து முடிந்து வந்தவர்கள் போன பின்பு, கொல்லையில் வாழையிலைகளை அள்ளிக்கொண்டிருந்த மருமகனிடம் சென்றேன்.

"மாப்ளே, பாய் கைத்தப்பு இல்ல. வண்டில கயிறு கெட்டுனது நான். அதுதான் உள்ள போய்ச் சிக்கியிருக்கு."

அவர் இலைகளைக் கீழே வைத்தார். "பாய்க்குத் தெரியுமா?"

"அன்னைக்கே தெரியும்."

என்னைத் திட்டியிருக்கலாம். கை கழுவிவிட்டு, "சட்டைய மாத்திட்டு வாங்க மாமா, போவோம்" என்று மட்டும் சொன்னார். புறப்படுமுன் மகளிடம் நானே சொன்னேன். அவள் குழந்தையை மடியில் வைத்தபடி என் முகத்தைப் பார்த்தாள். கயிற்றைக் கொடுத்தவள் தான் என்ற நினைப்பும் அவளுக்கு அன்று முதல் உண்டு. அதையும் நான்தான் கொடுத்தேன்.

பட்டறையில் பாய் ஒரு பழைய மொபெட்டைப் பிரித்துப் போட்டிருந்தார். மருமகன் அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். பாய் அவரைத் தட்டிக்கொடுத்து, தோள் எப்படி இருக்கிறது என்று விசாரித்து, கையை மெல்லத் தூக்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நாலு மாசமா அண்ணாச்சி? ஒத்தச் சொல்லுக்கா?"

அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு ஒரு பிடிமானம் இருந்திருக்கும். தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். குடித்தோம்.

உரிமம் போனாலும் போகட்டும், உண்மையை எழுதிக் கொடுங்கள் என்று மருமகன் சொன்னார். நான் எழுதினேன். தெரிந்த ஆசிரியர் ஒருவர் ஆங்கிலத்தில் ஆக்கித் தந்தார். போட்டி நடத்தியவர்களிடமிருந்து இரண்டு வரிப் பதில் வந்தது. அந்நிகழ்ச்சியின் பதிவுகள் முடிக்கப்பட்டுவிட்டன, திருத்த இயலாது என்று. மருமகனின் உரிமத்துக்கு ஒன்றும் நேரவில்லை. அவர் மீண்டும் ஓட்டுகிறார். வண்டிக்குக் கை வைக்கப் பாயைக் கேட்டார். தெருவில் ஓடும் வண்டிகளே போதும் தம்பி என்று பாய் சொல்லிவிட்டார். தேநீர்க் கடையில் நான் உண்மையைச் சொன்னேன். மருமகனுக்காகப் பாய்க்குப் பரிந்து பேசுகிறேன் என்று சிலர் எண்ணுகிறார்கள். சிரித்தபோது நம்பியவர்கள் இப்போது நம்பவில்லை.

ஆகவே அந்த அதிகாரியின் தாளில், மெக்கானிக்கின் கவனக்குறைவு என்ற வரி அப்படியே இருக்கிறது. அது தவறு. பிடி சரியாகப் பொருத்தப்பட்டிருந்தது. கயிறு என்னுடையது, காவலும் என்னுடையது.

ஐயா, அம்மா, அந்தத் தாளைத் திருத்த முடியாததால், இந்தத் தாள்களையாவது அருள்கூர்ந்து எறிந்துவிடாமல் வைத்திருங்கள்.